எலிக்கூண்டுக்குள் குழாய் போடலாமா?

கேள்வி: எம்.பார்ம் மாணவர், 2025 மார்ச் 3

எங்கள் கல்லூரி அனிமல் ஹவுஸில் என் புராஜெக்டுக்கு 48 எலி ஒதுக்கியிருக்கிறார்கள். கூண்டில் உமி, பெல்லட், தண்ணீர் பாட்டில். வேறு எதுவும் கிடையாது. எலி நுழைந்து ஒளிந்துகொள்ளக் கூண்டுக்கு ஒரு குழாய் போடலாமா என்று கைடிடம் கேட்டேன். “எலிக்கு விளையாட்டுச் சாமானா? ரீடிங் ஏறி இறங்கினால் நீயா பதில் சொல்வாய்?” என்று கேட்டுவிட்டார். அவர் சொல்வது சரியா? அனிமல் ஹவுஸில் வேலை பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள் சார்.

மார்ச் 3, இரவு 10.15

போடலாம்.

மார்ச் 4, காலை 6.30

நேற்று ஒரு வார்த்தையில் பதில் போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் பார்த்தால் “ஆதாரம் எங்கே” என்று நாலு பேர். சரி, வருகிறேன்.

நான் விஞ்ஞானி இல்லை. தென்சென்னையில் ஒரு மருந்து ஆய்வகத்தின் அனிமல் ஹவுஸில் 1999 முதல் 2021 வரை இருந்தேன். உமி மாற்றுகிற ஆளாகச் சேர்ந்து சூப்பர்வைசராக ரிட்டையர் ஆனேன். எந்த ஆய்வகம் என்று கேட்காதீர்கள்.

தம்பி, உங்கள் கைடு சொன்னது அவராக யோசித்துச் சொன்னது இல்லை. எல்லாக் கூண்டும் மொட்டையாக இருந்தால் எல்லா எலியும் ஒரே மாதிரி இருக்கும், அப்போது குறைந்த எண்ணிக்கையிலேயே கணக்குத் தேறிவிடும் என்பது அந்தத் தலைமுறையின் நம்பிக்கை. எங்கள் பாஸும் அதையேதான் சொல்லுவார். அதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள். ஹன்னோ வூர்பெல் இருந்த குழு 2004இல் நேச்சர் இதழில் எழுதியது. மூன்று ஆய்வகங்களில் ஒரே சோதனைகள். ஒரு பகுதி எலிகளுக்கு மொட்டைக் கூண்டு, இன்னொரு பகுதிக்கு ஏறவும் நுழையவும் கூடு கட்டவும் சாமான் உள்ள கூண்டு. ரீடிங் சிதறவில்லை. ஒரு ஆய்வகத்தில் வந்த முடிவு அடுத்த ஆய்வகத்தில் வருவதிலும் கெடுதல் இல்லை.

ஒன்று மட்டும். போட்டால் எல்லா குரூப்புக்கும் போட வேண்டும், ஒப்பிட்டுப் பார்க்க மருந்து கொடுக்காமல் வைக்கிற ‘கண்ட்ரோல்’ குரூப் உட்பட. பாதியில் ஆரம்பிக்கவும் கூடாது, பாதியில் எடுக்கவும் கூடாது. எதிக்ஸ் கமிட்டி படிவத்தில் எழுதிவிடுங்கள். பின்னால் பேப்பர் போடும்போது ‘அரைவ்’ (விலங்கு ஆய்வுக் கட்டுரையில் என்னென்ன எழுத வேண்டும் என்ற பட்டியல்) வழிகாட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கூண்டு எப்படி இருந்தது, உள்ளே என்ன இருந்தது என்று அதில் கேட்பார்கள்.

மார்ச் 4, மதியம் 1.20

திருத்தம். மேலே 2004 ஆய்வு என்று எழுதினேனே, அது சுண்டெலியில் செய்தது. தமிழில் இரண்டையும் எலி என்றே சொல்லிவிடுவதால் வருகிற வம்பு. அனிமல் ஹவுஸில் பெரியது ‘ராட்’, சின்னது ‘மைஸ்’. ஒன்றே ஒன்று இருந்தாலும் மைஸ்தான். “சார், மூணாவது ரேக்குல ஒரு மைஸ் செத்துப்போச்சு.” இருபத்திரண்டு வருஷம் இந்த இலக்கணத்தில் காலம் தள்ளினேன்.

தம்பி, உங்களுடையது ராட்டா மைஸா? அதையே கேட்காமல் ஆளாளுக்கு அட்வைஸ் செய்துகொண்டிருக்கிறோம்.

மார்ச் 5, இரவு 9.00

விஸ்டார் ரக ராட், ஆண், கூண்டுக்கு மூன்று என்கிறார் தம்பி. நல்லது. ராட் விஷயத்தில் கதை இன்னும் பழையது.

1940களில் டொனால்ட் ஹெப் என்ற கனடா நாட்டு மனோதத்துவ அறிஞர் ஆய்வக ராட் சிலவற்றை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் செல்லப்பிராணி மாதிரி வளர்த்தார். வீடு முழுக்க ஓடித் திரிந்த அந்த ராட்டெல்லாம் பிறகு புதிர்ப் பாதையில் விட்டபோது, கூண்டிலேயே வளர்ந்த ராட்டைவிட நன்றாக வழி கண்டுபிடித்தன. அதற்கடுத்து கலிபோர்னியாவில் பெர்க்லியில் மேரியன் டயமண்ட், ரோசன்ஸ்வைக் குழு. சாமான்களை அடிக்கடி மாற்றிப் போட்ட பெரிய கூண்டில் கூட்டமாக வளர்ந்த ராட்டின் மூளைப் புறணி, தனிக்கூண்டு ராட்டைவிடத் தடிமனாக இருந்தது என்று 1964இல் அளந்து காட்டினார்கள். வளர்ந்த மூளை மாறாது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

நான் இதை எப்படிப் பார்க்கிறேன் என்றால், மொட்டைக் கூண்டு ராட்டைத்தான் நாம் ‘நார்மல்’ என்று வைத்துக்கொண்டு மருந்து சோதிக்கிறோம். உங்கள் கைடிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். வைவா முடியட்டும்.

மார்ச் 6, காலை 7.45

மேன்ஷன்வாசி அண்ணன் கேட்டிருக்கிறார்: “திருவல்லிக்கேணி மேன்ஷனில் பத்துக்கு எட்டு ரூமில் மூணு பேர் ஆறு வருஷம் இருந்தோம். எனக்கு எவன் குழாய் போட்டான்?”

அண்ணே, உங்களுக்கு மெரினா இருந்தது. ராத்திரி பதினோரு மணிக்கு டீக்கடை இருந்தது. ரூம் பார்ட்னரின் குறட்டை தாங்கவில்லை என்றால் மொட்டை மாடிக்குப் பாயைத் தூக்கிக்கொண்டு போயிருப்பீர்கள். மூணு ராட்டில் ஒன்றுக்குக் குறட்டை பிடிக்கவில்லை என்றால் அது எங்கே போகும்? அதற்குத்தான் குழாய்.

மார்ச் 9, இரவு 11.30

இதை எழுதலாமா என்று மூன்று நாளாக யோசித்தேன்.

2009 வாக்கில் எங்களிடம் ஒரு சுவிஸ் அல்பினோ மைஸ் இருந்தது, பெண். அதற்கு நாங்கள் வைத்த பெயர் ‘சர்க்கஸ்’. சாயங்காலம் ஆறு மணிக்கு டைமர் விளக்கை அணைத்ததும் ஆரம்பிக்கும். கூண்டு மூடியின் கம்பியைப் பிடித்துத் தொங்கி, பின்பக்கமாக ஒரு கரணம். கீழே விழுந்த வேகத்தில் மறுபடி கம்பி, மறுபடி கரணம். ஒரே மூலை, ஒரே பக்கம். ஒருநாள் வாட்சைப் பார்த்து எண்ணினேன், நிமிஷத்துக்கு இருபதுக்கு மேல். அந்த மூலையில் மட்டும் உமி ஒதுங்கி, கூண்டின் தரை வட்டமாகத் தெரியும். வருகிற விருந்தாளிகளையெல்லாம் கூட்டிப்போய் நானே காட்டியிருக்கிறேன். தினசரி ரெஜிஸ்டரில் ‘நடத்தை’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் அந்தக் கூண்டுக்கு நேராக நான் எழுதியது: ‘ஆக்டிவ்’.

அடுத்தது 2016 டிசம்பர் 12, வர்தா புயல். மதியத்துக்கு மேல் காற்று. மரமெல்லாம் ரோட்டில் படுத்துவிட்டது, மின்சார ரயில் கிடையாது. வாட்ச்மேனும் நானும் உள்ளே மாட்டிக்கொண்டோம். கரன்ட் போனது. ஜெனரேட்டரில் இருக்கிற டீசல் டீப் ஃப்ரீசருக்கு மட்டும் என்று மேலிடத்து உத்தரவு. ஆகவே ஏசி இல்லை, விளக்கு இல்லை. பதினேழு வருஷ சர்வீஸில் அன்றுதான் முழு ராத்திரி மைஸ் ரூமில் உட்கார்ந்திருக்கிறேன். ஏசி ஓடும்போது அந்தச் சத்தத்தில் வேறு எதுவும் கேட்காது. அது நின்றதும் கேட்டது.

‘டிக் டிக் டிக் டிக்’ என்று ரூம் முழுக்க. முதலில் மழை எங்கோ ஒழுகுகிறது என்று நினைத்து டார்ச்சை எடுத்துக்கொண்டு மேல்தளத்தைப் பார்த்தேன். ஒழுகல் இல்லை. கம்பியைக் கடிக்கிற சத்தம். இரண்டாவது ரேக், நாலாவது ரேக், ஆறாவது ரேக். டார்ச் அடித்தால் ஒரு நொடி நிற்கும், பிறகு தொடரும். வாயைக் கம்பியில் வைத்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி, அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி. கரணம் போடுகிறவை மட்டும் ஒரு ரேக்கில் ஐந்து எண்ணினேன். ‘சர்க்கஸ்’ ஒன்றே ஒன்று, அது ஒரு அதிசயம் என்று நான் ஊருக்கெல்லாம் காட்டியிருக்கிறேன்.

இதற்கு ஆங்கிலத்தில் ‘ஸ்டீரியோடைப்பி’ என்று பெயர் உண்டு, பயன் எதுவும் இல்லாத ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது, அடைத்து வைத்த மிருகங்களில்தான் அதிகம் பார்க்கலாம் என்பதெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று ராத்திரி எனக்கு அந்த ரெஜிஸ்டர் கட்டம்தான் ஞாபகம் வந்தது.

மார்ச் 10, காலை 6.10

மேலே எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. அன்று ராத்திரி இன்னொன்றும் பார்த்தேன்.

எங்கள் ரூம் எப்போதும் 22 டிகிரி. பகலில் எப்போது போனாலும் மைஸ் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகக் குவிந்து மூலையில் கிடக்கும். ‘பாசமான ஜீவன்’ என்று சொல்லிக்கொள்வோம். ஏசி நின்று விடிகாலைக்குள் ரூம் 28 தொட்டது. ஓய்வெடுக்கிற மைஸெல்லாம் குவியலைக் கலைத்துவிட்டுத் தனித்தனியாக நீட்டிப் படுத்திருந்தன. பாசமெல்லாம் ஒரு ராத்திரியில் போய்விட்டதா? குளிரில்தான் ஒட்டிக்கொண்டு கிடந்திருக்கின்றன.

சுண்டெலியின் உடம்புக்கு இதமான சூடு ஏறக்குறைய 30 டிகிரி. ஆய்வகம் 20–24இல் வைப்பது கோட்டு போட்டு வேலை செய்கிற நமக்காக. கூடு கட்ட டிஷ்யூ பேப்பரோ நறுக்கிய தாளோ கொடுத்தால் அது தானே குளிரைச் சமாளித்துக்கொள்ளும். சென்னையில் வெளியே அதற்குப் பிடித்த வெயில் சும்மா கிடைக்கிறது. நாம் மாதம் லட்சக்கணக்கில் கரன்ட் பில் கட்டி அதை நடுங்க வைக்கிறோம்.

(உடனே யாராவது ஏசியை அணைத்துவிடாதீர்கள். மே மாதம் மூடிய ரூமில் 36, 37 போனால் கூண்டு கூண்டாகச் செத்துப்போகும். எலிக்கு வியர்வை கிடையாது. வாலும் எச்சிலும்தான் அதற்கு ஃபேன்.)

மார்ச் 10, காலை 6.25

30 டிகிரி கணக்கு மைஸுக்கு. ராட்டுக்கு அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், உடம்பு பெரியது. மறுபடி அதே இலக்கணப் பிரச்சினை.

மார்ச் 16, மாலை 5.00

கூண்டில் புலி ஓயாமல் நடப்பதும் இந்தக் கதைதானா என்று ஒருவர் கேட்டதால் தடம் மாறுகிறேன்.

வண்டலூர் வருவதற்கு முன் மிருகக்காட்சிசாலை சென்ட்ரல் பக்கத்தில், மூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்தது. இளசுகளுக்குத் தெரியாது. அதற்கும் முன்னால், 1855இல் எட்வர்ட் பால்ஃபர் எழும்பூர் மியூசியம் வளாகத்தில் ஆரம்பித்தது அது. பிறகு அந்த சென்ட்ரல் பக்கத்துப் பீப்பிள்ஸ் பார்க்குக்கு வந்தது, 1985இல் வண்டலூருக்குப் போனது. இப்போது அங்கே 602 ஹெக்டேர்.

எனக்கு எட்டு வயது இருக்கும், அப்பா கூட்டிப்போனார். புலிக்கூண்டு கம்பி போட்டது, எங்கள் வீட்டுக் கூடத்தைவிடச் சின்னது. புலி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. திரும்பும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் தலையை ஒரே மாதிரி சுழற்றும். சிமென்ட் தரையில் அது நடந்த கோடு பளபளவென்று தெரிந்தது. “பார்றா, சாப்பாடு செரிக்க நடக்குது” என்றார் அப்பா. அப்பா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் நம்பினேன். முப்பது வருஷம் கழித்து ‘ஆக்டிவ்’ என்று எழுதியவன் அவர் மகன்தானே.

2003இல் ராஸ் கிளப், ஜார்ஜியா மேசன் என்ற இரண்டு பேர் ஊனுண்ணிகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். காட்டில் எவ்வளவு தூரம் சுற்றுகிற ஜாதியோ அந்த அளவுக்குக் கூண்டில் நடை அதிகம். மோசமானது பனிக்கரடி. அதற்குக் கொடுக்கிற இடம் அது காட்டில் சுற்றுகிற இடத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு என்று கணக்குப் போட்டிருந்தார்கள். பத்து லட்சத்தில் ஒன்றை இரண்டாக்கினால் என்ன ஆகிவிடும்? அதனால் இடத்தோடு வேலையும் கொடு என்கிறார்கள். உணவை ஒளித்து வை, தேட விடு, வாசனை போடு, மாற்றிக்கொண்டே இரு.

வண்டலூரில் வெயில் காலத்தில் கரடிக்கு ஐஸ் கட்டிக்குள் பழத்தை உறைய வைத்துக் கொடுக்கிறார்கள். பேப்பரில் வருஷா வருஷம் போட்டோ வருகிறதே, அது. குளிர்ச்சிக்கு என்றுதான் எழுதுகிறார்கள். குளிர்ச்சி பாதிதான். அந்தப் பழத்தை எடுக்கக் கரடி அரை மணி மல்லுக்கட்டுகிறது பாருங்கள், அது மீதிப் பாதி. போகிறவர்கள் செவ்வாய்க்கிழமை போகாதீர்கள், லீவு. நான் போய் கேட்டில் நின்றிருக்கிறேன்.

மார்ச் 19, இரவு 8.40

“முதலைக்கு என்ன வேலை கொடுப்பது, அது கல் மாதிரி கிடக்கிறது” என்ற நண்பருக்கு.

ஈசிஆரில் வடநெம்மேலி முதலைப் பண்ணை, ரோமுலஸ் விட்டேகர் 1976இல் ஆரம்பித்தது. அங்கே கொக்கும் நாரையும் கூடு கட்டுகிற மரங்களுக்குக் கீழே குளத்தில் முதலைகள் மூக்கின்மேல் குச்சியை வைத்துக்கொண்டு அசையாமல் கிடப்பதை விளாதிமிர் டினெட்ஸ் என்ற ஆய்வாளர் கவனித்தார். கூடு கட்டக் குச்சி தேடி வருகிற கொக்கு வாய்க்குப் பக்கத்தில் இறங்கும், லபக். முதலை கருவி பயன்படுத்துகிறது என்று 2013இல் எழுதினார்கள். நாம் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு “செத்துப்போச்சா பாரு” என்று கல் விட்டெறிகிற அதே குளம்.

மார்ச் 20, காலை 7.00

என் மருமகன் படித்துவிட்டு ஒரு லிங்க் அனுப்பினான். பிறகு அமெரிக்காவில் அலிகேட்டர்களை வைத்து இந்தக் குச்சி விஷயத்தைச் சோதித்திருக்கிறார்கள். பறவைக் கூடுகளுக்குப் பக்கத்தில் குச்சி வைக்கிற பழக்கம் கூடுதலாக இல்லை என்று வந்திருக்கிறது. ஆக ‘லபக்’கைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். கல் எறிய வேண்டாம் என்பது அப்படியே நிற்கிறது.

மார்ச் 23, மாலை 6.30

கொளத்தூர் அக்கா ஃபைட்டர் மீனைச் சின்ன பாட்டிலில் வைக்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். வேண்டாம் அக்கா. அது மேலே வந்து காற்றைக் குடிக்கத் தெரிந்த மீன், அதனால் பாட்டிலில் சாகாமல் இருக்கிறது. கடைக்காரர் அதைத்தான் ‘தாராளமா இருக்கும்’ என்கிறார். தொட்டி, நாலு செடி, ஒளிந்துகொள்ள ஒரு உடைந்த பானை. உங்கள் ஊரில் கிடைக்காத சாமானா?

பல்லாவரம் சந்தையில் பேத்திக்காக நான் வாங்கின லவ் பேர்ட்ஸ் கதையும் சொல்லிவிடுகிறேன். ஜோடியில் பெண் முதல் மாதமே போய்விட்டது. ஆணுக்குத் துணை வேண்டுமே என்று என் புத்திசாலித்தனத்தில் ஒரு கண்ணாடி மாட்டினேன். எல்லாக் கடையிலும் விற்கிறார்கள், விற்றால் நல்லதாகத்தானே இருக்கும்? அது நாள் முழுக்க அந்தக் கண்ணாடி முன்னாலேயே உட்கார்ந்தது. தின்ற தினையைக் கக்கிக் கக்கிக் கண்ணாடிக்கு ஊட்டியது. கண்ணாடி பூரா காய்ந்த தினை. ஊட்டின குருவி இளைத்துப்போனது. எடுத்துவிட்டு இன்னொரு குருவி வாங்கிவிட்டேன். இருபத்திரண்டு வருஷ அனுபவஸ்தன் செய்த வேலை.

அதற்கப்புறம் வேலைக்கு ஆனது எது தெரியுமா? தென்னங்கீற்று. பச்சையாக ஒரு முழம் வெட்டிக் கூண்டில் கட்டினால் இரண்டும் சேர்ந்து சாயங்காலத்துக்குள் நார் நாராகக் கிழித்துப் போடுகின்றன. தினையைக் கிண்ணத்திலும் வைக்கிறேன், காகிதத்தில் சுருட்டியும் வைக்கிறேன். கிண்ணம் நிறைய இருக்கும்போதே சுருட்டலைப் பிரிக்கின்றன. கொழுப்பா என்று நினைத்தேன். 1963இலேயே க்ளென் ஜென்சன் ராட்டில் பார்த்திருக்கிறார், கிண்ணத்தில் சும்மா உணவு இருக்கும்போதும் லீவரை அழுத்திச் சம்பாதித்துத் தின்றனவாம். என் மாமனார் எண்பது வயதிலும் ரேஷன் க்யூவில் தானே போய் நிற்பார், வீட்டில் ஆள் இருந்தும்.

மார்ச் 24, இரவு 10.00

எதிர்பார்த்ததுதான். ஒருவர் மைஸ் கூண்டுக்குப் பிளாஸ்டிக் வீடு வாங்கிப் போட்டாராம், ஆண் மைஸெல்லாம் கடித்துக்கொண்டு இரண்டு செத்துவிட்டதாம். “உங்கள் பேச்சைக் கேட்டேன்” என்கிறார்.

ஐயா, நான் வீடு என்று சொல்லவில்லை. ஆனால் சண்டை வரும் என்றும் எச்சரிக்கவில்லை. அது என் தப்பு. ஆண் மைஸுக்கு ஒரே ஒரு வாசல் உள்ள வீடு கொடுத்தால் ஒன்று வாசலில் உட்கார்ந்துகொள்ளும், மற்றதற்கு உதை. அதற்குக் கூடு கட்டத் தாள் கொடுங்கள், போதும். கூண்டு மாற்றும்போது அந்தக் கூட்டைக் கலைக்காமல் எடுத்துப் புதுக் கூண்டில் வையுங்கள். சொந்த வாசனை கூட வந்தால் சண்டை குறையும். மூத்திரம் நனைந்த உமியை மட்டும் கொட்டுங்கள். நாங்கள் சுத்தம் சுத்தம் என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிக் கழுவினோம். மறுநாள் காதில் ரத்தம். ‘வியாழக்கிழமை சண்டை’ என்று பெயரே உண்டு, புதன்கிழமை கூண்டு மாற்றுவதால்.

ஏப்ரல் 2, காலை 8.15

தம்பி கமிட்டிக்கு எழுதிவிட்டாராம். சந்தோஷம். அட்டைக் குழாயா, பிவிசி குழாயா, கொட்டாங்குச்சியா என்று கேட்கிறார்.

கொட்டாங்குச்சி பற்றி ஒரு பாவ மன்னிப்பு. 2017இல், வர்தா ராத்திரிக்கு அடுத்த வருஷம், சூடு அடங்காமல் நான் ராட் கூண்டில் கொட்டாங்குச்சி போட்டேன். செலவில்லை, கடிக்கக் கெட்டி, உள்ளே ஒளியலாம். ஆட்டோகிளேவில் (நீராவியில் கிருமி கொல்கிற பெட்டி) போட்டு எடுத்தேன், மூன்று மாடிக்கும் செக்கு எண்ணெய்க் கடை வாசனை. ராட்டுக்கு உயிர். சுரண்டிச் சுரண்டித் தின்றன. ஏன் தின்கின்றன என்று யோசித்திருக்க வேண்டும். ஓட்டில் ஒட்டியிருந்த தேங்காய். அந்த ரேக் ஒரு பெண்ணின் கொழுப்புச் சோதனை ரேக். ரத்தத்தில் கொழுப்பு பார்க்கிற புராஜெக்டுக்கு நான் ராத்திரி ராத்திரி தேங்காய் போட்டிருக்கிறேன். அதுவும் பாதிக் கூண்டுக்குத்தான், மீதிக்குக் கொட்டாங்குச்சி பத்தவில்லை. எட்டு வாரம் வீண், அத்தனை ராட்டும் வீண். அந்தப் பெண் என்னைத் திட்டக்கூட இல்லை, படியில் உட்கார்ந்து அழுதாள்.

மார்ச் 4ஆம் தேதி உங்கள் கைடைக் கிண்டல் செய்தேன். அவர் சர்வீஸில் என்னை மாதிரி ஒரு ஆள் கொட்டாங்குச்சி போட்டிருக்கலாம். போடுகிற சாமான் தின்னக்கூடியதா, எல்லாக் கூண்டுக்கும் ஒன்றா என்று பார்க்காமல் போட்டால் அவர் பயம் நியாயம்தான்.

அட்டையும் கடித்துத் தின்னும், பசை இருக்கும். உங்களுக்குப் பிவிசி. ஹார்டுவேர் கடையில் மூன்று அங்குலக் குழாய் வாங்கி முக்கால் அடி நீளத்துக்கு அறுத்து, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். ராட் 300 கிராம் தாண்டினால் மூன்று அங்குலம் இறுக்கும், நாலு அங்குலம் எடுங்கள். பிவிசியை ஆட்டோகிளேவில் வைக்காதீர்கள், கோணிப்போகும். கிருமிநாசினியில் ஊறவைத்து நன்றாக அலசினால் போதும்.

ஏப்ரல் 2, காலை 8.40

இன்னொன்று, காசு செலவில்லாதது. மைஸை வாலைப் பிடித்துத் தூக்காதீர்கள். ஒரு குழாய்க்குள் நுழைய விட்டோ, இரண்டு கையையும் குவித்தோ தூக்கினால் பயம் குறைகிறது என்று 2010இல் ஜேன் ஹர்ஸ்ட், ரெபெக்கா வெஸ்ட் காட்டினார்கள். நான் இருபத்திரண்டு வருஷமும் வால்தான்.

ராட்டுக்குக் கிச்சுகிச்சு மூட்டலாம். கிண்டல் இல்லை. பாங்க்செப் என்பவர் கழுத்துப் பிடரியிலும் வயிற்றிலும் விரலால் மூட்டினார், நம் காதுக்கு எட்டாத 50 கிலோஹெர்ட்ஸில் ஒரு சத்தம் போட்டன, கையைத் தேடி மறுபடி வந்தன. கைடு இல்லாத நேரம் பார்த்துச் செய்யுங்கள். எல்லா ராட்டுக்கும் ஒரே அளவு!

ஏப்ரல் 28, இரவு 7.50

தம்பி எழுதியிருப்பது: “சார், குழாய் போட்டு ஒரு வாரம் ஆச்சு. தினமும் பார்க்கிறேன். ஒன்றும் அதைத் தொடவில்லை. மூணும் உமியில் படுத்துத் தூங்குது. கைடு சிரிக்கிறார்.”

எத்தனை மணிக்குப் பார்க்கிறீர்கள்?

ஏப்ரல் 28, இரவு 9.10

காலை பத்து மணிக்கு! ராட்டுக்குக் காலை பத்து மணி நமக்கு ராத்திரி இரண்டு மணி மாதிரி தம்பி. உங்கள் ரூம் விளக்கு ஏழு மணிக்கு அணைகிறது என்றால் எட்டரைக்குப் போங்கள். டார்ச்சில் சிவப்பு செலஃபன் தாளை இரண்டு மடிப்பாகக் கட்டிக்கொள்ளுங்கள், சிவப்பு வெளிச்சம் அதன் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. கதவைச் சாத்திவிட்டுப் பத்து நிமிஷம் அசையாமல் நில்லுங்கள். போன் வெளியே. பிறகு நோட்டில் எழுதுங்கள். ‘ஆக்டிவ்’ என்று எழுதாதீர்கள். எந்த ராட், எந்த மூலை, என்ன செய்தது, எத்தனை தடவை.

மே 1, காலை 6.00

நீங்கள் ராத்திரி பார்த்து எழுதிய நோட்டைப் படித்தேன். இரண்டு தடவை படித்தேன். பன்னிரண்டாவது கூண்டில் கம்பி கடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைத் தனியாகக் குறித்து வையுங்கள், அடுத்த வாரமும் அதே மூலையா என்று பார்க்க வேண்டும்.

மற்றபடி ஏழாவது கூண்டில் மூன்றும் ஒரே குழாய்க்குள் அடைந்துகொண்டு, ஒன்றின் பின்பக்கம் வெளியே தொங்குகிறது என்றால் குழாய் பத்தவில்லை. நாலு அங்குலம் வாங்கச் சொன்னேனா இல்லையா? எல்லாக் கூண்டுக்கும் சேர்த்து வாங்குங்கள். கமிட்டிக்கு ஒரு திருத்தக் கடிதமும் போடுங்கள்.